மாம்பழ சீசனில் க்ளிப் போட்டவள்

ரவுண்டானா தாண்டி பெங்களூர் ரோட்டில்
மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை.
மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்து
"குழந்தை எங்கே?" என்றாள் ரிசப்ஷன் பெண்.
நான்தான் என்றேன்.
ஃபைலில் எழுதிக்கொண்டாள்:
மாதேஸ்வரி, 34.

போன வாரமே
கடைவாய்ப் பல் இடுக்கில்
நீல ரப்பர் வளையம் சொருகியிருந்தார்கள்.
ஆட்டுக்கறி நார் சிக்கிய மாதிரி
ஏழு நாளும் நாக்கு
அங்கேயே குடியிருந்தது.

பக்கத்து நாற்காலியில் பிரணிதா,
பர்கூர், எட்டாம் வகுப்பு,
பதினோரு மாத அனுபவம்.
"ஊசி கிடையாது ஆன்ட்டி.
இன்னைக்கு வலிக்காது.
நாளைக்கும் நாளன்னிக்கும்தான்.
பரோட்டாவ மறந்துடுங்க.
முறுக்கு..."
மேலே சொல்ல அவளால் முடியவில்லை.

டாக்டர் நஸ்ரின் கண்ணாடி பிடித்து
என் பல்லை எனக்கே காட்டினார்.
பழுப்புக் கோடுகள்.
"போர் தண்ணியா?"
இருபது வருஷம் டாக்டர், மத்தூர் பக்கம்.
"கம்பி வரிசையைச் சரிபண்ணும், கறையை இல்ல.
இந்த எனாமல்ல பசை கொஞ்சம் அடம்பிடிக்கும்.
ஒண்ணு ரெண்டு கழண்டா
கோவிச்சுக்கக் கூடாது."
யாரிடம் கோபிப்பது,
ஆயிரம் அடிக்குக் கீழே இருக்கிற
பாறையிடமா?

உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க
ஒரு பிளாஸ்டிக்.
வாயை மறைத்தே பழகிய என் வலது கை
தானாக எழுந்தது.
நர்ஸ் அதை மெல்ல இறக்கி மடியில் வைத்தாள்.
அங்கே என்ன செய்வதென்று தெரியாமல்
துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தது.

நீல ஜெல். புளிப்பு.
மாங்காய்ப் புளிப்பல்ல,
சின்ன வயதில் பேட்டரியை நக்கிய புளிப்பு.
கழுவு, காற்றடி, உலர்த்து.
பல்லுக்கு ஒரு பொட்டு, பொட்டுக்கு ஒரு நீல வெளிச்சம்.
பீப்.
இருபது முறை பீப்.
தாடை மரத்தபோது கம்பி வந்தது,
தையல் நூல் கனத்தில்.
கோணலுக்கெல்லாம் வளைந்துகொடுத்துப் போய்
கடைசிப் பல்லில் நின்றது.
"வளைஞ்சிருந்தாலும்
நேரா இருந்தது இதுக்கு ஞாபகம் இருக்கும்" என்றார் டாக்டர்.
கம்பிக்கு ஞாபகமா என்று கேட்க
வாய் காலியில்லை.

ரப்பர் என்ன கலர்?
"மஞ்ச மட்டும் வேணாம் ஆன்ட்டி,
பல்லு இன்னும் மஞ்சளாத் தெரியும்."
சாம்பல் நிறம் சொன்னேன்.
உதட்டைப் பிதுக்கினாள் பிரணிதா.

அட்வான்ஸ் பதினைந்தாயிரம், சீட்டு எடுத்த பணம்.
மாசாமாசம் ஆயிரத்து ஐந்நூறு.
ஒன்றரை வருஷமோ இரண்டோ.

வலி சாயங்காலம் வந்தது, பஸ்ஸில்,
காவேரிப்பட்டணம் வருவதற்குள்.
கூர்மையான வலி இல்லை.
ஒவ்வொரு பல்லையும் யாரோ
இடம் மாறி உட்காரச் சொல்லி
தோளில் தட்டிக்கொண்டே இருக்கிற வலி.
ராத்திரி தயிர்சோறு கல்லாக இருந்தது.
கன்னத்தின் உள்பக்கம் உரசி உரசிப் புண்.
மெழுகை உருட்டி கம்பி முனையில் ஒட்டிக்கொண்டு
பீர்க்கங்காய் ரசத்தைக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

கம்பெனியில் எல்லாருக்கும் ஒரே கேள்வி:
"என்ன விசேஷம்?"
விசேஷம் ஒன்றுமில்லை.
இந்தக் கோரைப்பல்
பதினெட்டு வருஷமாக என் உதட்டை
உள்ளிருந்து கடிக்கிறது.

ஜூன் மாதம். லாரி லாரியாக பெங்களூரா.
கூழ் ஆலையின் ஆய்வுக்கூடத்தில்
இனிப்பு அளந்து, ருசி பார்த்து, எழுதுகிறவள் நான்.
ஊர் முழுக்க உப்பும் மிளகாயும் போட்டு
மாங்காயைக் கடிக்கிறது.
எனக்குக் கரண்டியில் கூழ்.
இந்த வேலைக்கு இப்போதுதான்
முழுத் தகுதி வந்திருக்கிறது.

வியாழக்கிழமை, பதினோராவது மாதிரி.
நாக்கில் ஏதோ தட்டியது.
கரண்டியில் துப்பினேன்.
மஞ்சள் கூழுக்கு நடுவே
வெள்ளியாக ஒரு பொட்டு.

ரெஜிஸ்டரில் ஒரு பத்தி உண்டு: அந்நியப் பொருள்.
ஒன்பது வருஷத்தில் நான் எழுதியது
கொட்டைச் சில்லு, சணல் நார், ஒருமுறை பட்டன்.
இன்று எழுதினேன்:
உலோகம், ஒன்று. லைனில் இல்லை.
ஆய்வாளர் வாயிலிருந்து.

வெங்கடப்பா சார் படித்தார்.
இன்னொரு முறை படித்தார்.
எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
கை மேலே போனது,
அதில் கரண்டி இருந்தது.

கிளினிக்குக்கு போன் போட்டேன்.
"எடுத்து வெச்சிருங்க" என்றார்கள்,
"சனிக்கிழமை ஒட்டிக்கலாம்."
பஸ் டிக்கெட்டில் மடித்து வைத்திருக்கிறேன்.
கூழ் வாசம் போகவில்லை.